முதல் இரண்டு டர்ன்டேபிள், முதல் மிக்சர்: சிக்கனமாக எதைத் தேர்வது?

இசைத்தட்டில் டிஜே கலை பயில விரும்புகிறவர் வாங்கவேண்டிய பொருள்கள் மிகச் சிலவே. இசைத்தட்டைச் சுழற்றும் ஒரே மாதிரியான இரண்டு டர்ன்டேபிள்கள், அவற்றின் ஒலிகளைக் கலக்க நடுவே ஒரு மிக்சர், ஊசி பொருத்திய தலைப்பகுதியான கார்ட்ரிட்ஜ் இரண்டு, இசைத்தட்டுக்கு அடியில் இடும் வழவழப்பான விரிப்பான ஸ்லிப்மேட் இரண்டு, ஒரு ஹெட்ஃபோன்; இவ்வளவுதான். ஆனால் இந்தச் சிறிய பட்டியலில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தாலும் கற்றல் மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்பதை நான் பட்டு அறிந்தவன். என் முதல் கருவி, பெட்டி வடிவில், உள்ளேயே ஒலிபெருக்கி பொருத்தப்பட்ட ஒரு பெல்ட் டிரைவ் பிளேயர். ஓடும் இசைத்தட்டை விரலால் பிடித்தால் அடியிலிருந்த சுழல்தட்டும் சேர்ந்தே நின்றது. விரலை எடுத்தால் பாட்டு இழுவையாகத் தொடங்கி, மெல்ல மெல்லத் தன் சுருதிக்கு ஏறியது. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியே இல்லை. எனக்குத்தான் லயம் பிடிபடவில்லை என்று ஆறு மாதம் மனம் நொந்திருந்த பிறகு, நண்பர் ஒருவரின் டைரக்ட் டிரைவ் கருவியில் அரை மணி நேரம் பழகியபோது குறை எங்கே இருந்தது என்பது தெளிவாயிற்று.

புதிதாகத் தொடங்கும் ஒருவர் அந்த ஆறு மாதத்தை இழக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். இவை பெரும்பாலும் இறக்குமதியாகும் பொருள்கள் என்பதால் விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஆகவே ரூபாய்க் கணக்கைத் தவிர்த்துவிட்டு, எது எதைவிட மலிவு, கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்ற அளவில் பேசுகிறேன்.

சுழல்தட்டிடம் நாம் கேட்பது

வீட்டில் அமர்ந்து பாட்டுக் கேட்பவர் டர்ன்டேபிளிடம் எதிர்பார்ப்பது ஒன்று. டிஜே எதிர்பார்ப்பது வேறு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற முகவரியில் நடந்த விருந்தோடு பெயர் இணைந்துவிட்ட டிஜே கூல் ஹெர்க், ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு கருவிகளில் வைத்து, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கும் முறையை வளர்த்தெடுத்தார். அந்த முறையும் அதிலிருந்து கிளைத்த எல்லா நுட்பங்களும் கருவியிடம் மூன்று குணங்களைக் கேட்கின்றன. மேலே இசைத்தட்டை விரல் பிடித்திருக்கும்போதும் கீழே சுழல்தட்டு தன் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விரலை எடுத்த கணத்தில் பாட்டு முழு வேகத்தில் தொடங்க வேண்டும். வேகத்தை மிகச் சிறிய அளவுகளில் மாற்ற முடியவேண்டும், மாற்றிய வேகம் அப்படியே நிலைக்கவும் வேண்டும்.

பெல்ட் டிரைவ் கருவியில் மோட்டார் ஒரு பக்கமாக இருந்து ரப்பர் பட்டையின் வழியே சுழல்தட்டை இழுக்கிறது. கேட்பதற்கு அது நல்ல ஏற்பாடு. மோட்டாரின் அதிர்வு ஊசியை எட்டாது. பட்டை நெகிழும், வழுக்கும் என்பதால் மேற்சொன்ன மூன்று குணங்களும் அதில் வாய்ப்பதில்லை. டைரக்ட் டிரைவில் மோட்டாரின் அச்சே சுழல்தட்டின் அச்சு. டெக்னிக்ஸ் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த எஸ்எல்-1200 இந்த வகை. 1979இல் வந்த எஸ்எல்-1200 எம்கே2, வேகத்தை நிலையாக வைக்கும் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டையும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீண்ட பிட்ச் ஸ்லைடரையும் சேர்த்து உலகெங்கும் நடன அரங்குகளின் பொது அளவுகோலாகிவிட்டது. இன்று எந்த நிறுவனத்தின் டிஜே டர்ன்டேபிளை எடுத்தாலும், இடக்கை ஓரத்தில் சதுரமான தொடக்கப் பொத்தானும் வலக்கைப் பக்கம் பிட்ச் ஸ்லைடருமாக அதே அமைப்பையே காண்கிறோம். ஆகவே சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி, ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ் போன்றவை கேட்பதற்கு எவ்வளவு நல்லவையாக இருந்தாலும், இந்த ஒப்பீட்டில் அவற்றுக்கு இடமில்லை. நியூமார்க் பிடி01 ஸ்கிராட்ச் போன்ற சிறிய, தூக்கிச் செல்லத்தக்க கருவிகளும் பெல்ட் டிரைவே. ஏழு அங்குலத் தட்டில் ஸ்கிராட்ச் (தட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்து ஒலி எழுப்புவது) பழக அவை மகிழ்ச்சி தரும், ஆனால் இரண்டு பாட்டுகளை இணைத்துப் பழக உதவா.

திருப்புவிசை எண்களை எப்படிப் படிப்பது

நின்றிருக்கும் சுழல்தட்டை மோட்டார் எவ்வளவு வலிமையுடன் திருப்பத் தொடங்குகிறது என்பதைக் கிலோ-சென்டிமீட்டர் என்ற அளவில் உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி கருவிக்கு இந்த எண் 1.0. பயனியர் டிஜே பிஎல்எக்ஸ்-500க்கு 1.6. ஆடியோ-டெக்னிகா ஏடி-எல்பி140எக்ஸ்பிக்கு 2.2. பிஎல்எக்ஸ்-1000க்கு 4.5. இவற்றோடு ஒப்பிட, புகழ்பெற்ற பழைய டெக்னிக்ஸ் எம்கே2வுக்கு 1.5, 2019இல் வந்த எம்கே7க்கு 1.8.

இந்த வரிசையைப் பார்த்தவுடன் எண் பெரிதானால் கருவி சிறந்தது என்று எண்ணத் தோன்றும். விற்பனையாளர்களும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் டிஜேக்களுக்கான டிஎம்சி உலகப் போட்டிகளில் பல ஆண்டுகள் வெற்றி பெற்றவர்கள் பயன்படுத்தியது 1.5 திருப்புவிசை கொண்ட டெக்னிக்ஸையே என்பதை நினைவில் கொண்டால் அந்த எண்ணம் மாறும். என் அனுபவத்தில், ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையிலான வேறுபாடு விரலுக்கு நன்றாகவே தெரிகிறது: 1.0 உள்ள கருவியில் தட்டைச் சற்று அழுத்திப் பிடித்தால் சுழல்தட்டு தளர்கிறது, விட்டவுடன் முதல் தாளம் சற்றுப் பிந்தி விழுகிறது. ஒன்றரையைத் தாண்டிய பிறகு வேறுபாடு தரத்தைப் பொறுத்ததாக இல்லாமல் பழக்கத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. 4.5 உள்ள கருவி சட்டென்று வேகம் பிடிப்பதால் ஸ்கிராட்ச் செய்கிறவர்களுக்கு இனிக்கும். விளிம்பில் மென்மையாக விரல் வைத்துப் பாட்டைப் பின்தள்ளிப் பழகியவர்களுக்கோ மோட்டார் விரலை எதிர்ப்பது போல இருக்கும்.

குறைந்த திருப்புவிசை உள்ள கருவியை ஓரளவு மீட்கும் எளிய வழி ஒன்றுண்டு. கருவியோடு வரும் தடித்த ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, மெல்லிய, வழவழப்பான ஸ்லிப்மேட்டை இட்டு, அதற்கும் அடியில் இசைத்தட்டின் உள்ளுறையாக வரும் பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டிப் போட்டால் உராய்வு வெகுவாகக் குறையும். அப்போது விரல் பிடிப்பது சுழல்தட்டை எட்டாது. 1.0 உள்ள கருவியையும் இப்படி இணைப்புப் பயிற்சிக்குத் தகுதியாக்கிவிடலாம். ஸ்கிராட்சுக்கு இது போதாது.

பிட்ச் ஸ்லைடரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கோ அதுவே திருப்புவிசையைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு பாட்டு நிமிடத்துக்கு 120 தாளமும் மற்றது 120.1 தாளமுமாக ஓடினால், ஒரு நிமிடத்தில் அவை 0.05 விநாடி விலகும். ஐந்து நிமிடத்தில் விலகல் கால் விநாடி, அதாவது அரைத் தாளம். அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் கை அமைக்கவேண்டுமானால் ஸ்லைடர் நீளமாகவும், தடையின்றி நகர்வதாகவும், நகர்த்திய இடத்துக்கு உண்மையாகவும் இருக்கவேண்டும். அதன் வீச்சு, பழைய எம்கே2வில் கூட்டவும் குறைக்கவும் 8 சதவீதம்; 120 தாளப் பாட்டை 129.6 வரை ஏற்றலாம் என்று பொருள். எல்பி120எக்ஸிலும் எம்கே7இலும் 16 சதவீதம் வரை, எல்பி140எக்ஸ்பியில் 24 வரை, பிஎல்எக்ஸ்-1000இல் 50 வரை போகலாம். நான் எப்போதும் 8 சதவீதத்திலேயே வைத்திருக்கிறேன். வீச்சு பெருகப் பெருக ஸ்லைடரின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதிகம் நகர்த்தும், நுண்மை போய்விடும்.

தமிழ்த் திரைப்பாடல்களை இணைத்துப் பழக எண்ணுகிறவர் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1970களின் பாடல்கள் வாத்தியக் குழு ஒன்றுகூடி அமர்ந்து வாசித்துப் பதிவானவை. தபேலாவும் டிரம்ஸும் மனிதக் கையின் ஓட்டத்தில் செல்கின்றன. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் ஒரு நூலளவு கூடுதல் வேகம் என்று தாளம் மூச்சு விடும். இயந்திரத் தாளத்தில் அமைந்த நடன இசையில் ஒருமுறை வேகத்தைப் பொருத்தினால் போதும். இப்பாடல்களில் பாட்டு முடியும்வரை கை ஸ்லைடரை விட்டு விலகவே முடியாது. இந்தப் பயிற்சி கடினமானது, ஆனால் காதைக் கூர்மையாக்குவதில் இதற்கு இணையானது வேறில்லை.

கருவிக்குக் கருவி

மிக மலிவான வாயில் ஏடி-எல்பி120எக்ஸ்யூஎஸ்பி. டைரக்ட் டிரைவ், 33, 45, 78 ஆகிய மூன்று வேகங்கள், ஊசியைத் தாங்கும் எஸ் வடிவக் கையான டோன்ஆர்ம், ஊசியின் மெலிந்த மின்குறியை உள்ளேயே பெருக்கும் ஃபோனோ முன்பெருக்கி, கணினிக்குப் பாட்டை நகலெடுக்க யூஎஸ்பி என்று பட்டியல் நீளமானது. ஆனால் டிஜேவாகப் போகிறவருக்கு அந்தப் பட்டியலில் பாதி பயன்படாது. மிக்சரிலேயே ஃபோனோ நுழைவாய் இருக்கும்போது முன்பெருக்கி வேண்டாம். யூஎஸ்பியோ தட்டைக் கணினியில் பதிவதற்கானது, பின்னர் நான் சொல்லப்போகும் டிவிஎஸ் முறைக்கு உதவாது. கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி தேவையற்ற வசதிகளுக்குப் போய், தேவையான மோட்டார் மெலிந்துவிட்டது என்பதே இக்கருவியைப் பற்றி என் குறை. வீட்டில் பெரியவர்கள் சேர்த்துவைத்த 78 வேகத் தட்டுகளையும் கேட்க விரும்பும் குடும்பத்துக்கு இது நல்ல பொதுக் கருவி என்பதையும் சொல்லவேண்டும். அத்தட்டுகளின் அகன்ற பள்ளத்துக்குத் தனி ஊசி வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பிஎல்எக்ஸ்-500 ஏறத்தாழ அதே விலைப் படியில் நிற்கிறது. அதிலும் முன்பெருக்கியும் யூஎஸ்பியும் உண்டு. ஆனால் மோட்டார் 1.6, கருவியின் எடை பத்துக் கிலோவுக்கு மேல். எடை என்பது இங்கே அலங்காரம் அன்று. ஒலிபெருக்கியின் அதிர்வு மேசை வழியே ஏறி ஊசியை எட்டினால் ஊளைச்சத்தம் கிளம்பும். கனமான உடல் அதைத் தடுக்கிறது. இணைப்புப் பயிற்சியே நோக்கம் என்கிறவருக்கு, முதல் இரண்டுக்குள் தயக்கமின்றி இதையே பரிந்துரைப்பேன்.

ஏடி-எல்பி140எக்ஸ்பி இவற்றைவிட ஒரு படி விலை கூடியது. எனினும் என் கணக்கில் தொடக்கநிலையாளருக்கு மிகச் சரியான இடம் இதுதான். இதில் முன்பெருக்கியும் இல்லை, யூஎஸ்பியும் இல்லை. பணம் மோட்டாருக்கும் உடலுக்கும் போயிருக்கிறது. அதைவிட முக்கியமாக, டிஜே பயன்பாட்டுக்கென்றே அமைந்த ஏடி-எக்ஸ்பி3 கார்ட்ரிட்ஜ் கருவியோடு வருகிறது. விலைகளை ஒப்பிடுகிறவர்கள் இந்த இடத்தில் அடிக்கடி ஏமாறுகிறார்கள். பிஎல்எக்ஸ்-1000உம் எம்கே7உம் கார்ட்ரிட்ஜ் இல்லாமல் வருகின்றன. எல்பி120எக்ஸோடு வரும் ஏடி-விஎம்95இ நல்ல கார்ட்ரிட்ஜ்தான், ஆனால் கேட்பதற்கானது. ஆகவே இரண்டு கருவிகளின் விலையோடு இரண்டு டிஜே கார்ட்ரிட்ஜ்களின் விலையையும் கூட்டிப் பார்த்த பிறகே எது மலிவு என்று தீர்மானிக்க வேண்டும். அப்படிக் கூட்டினால் 120எக்ஸுக்கும் 140எக்ஸ்பிக்கும் உள்ள இடைவெளி பெரிதும் சுருங்கிவிடும்.

இதற்கு மேலே ரீலூப் ஆர்பி-7000 எம்கே2, பிஎல்எக்ஸ்-1000 ஆகியவை இருக்கின்றன. தைவானின் ஹான்பின் என்ற தொழிற்சாலை பல பெயர்களுக்கு டர்ன்டேபிள் செய்து தருவதால், இந்தப் படியில் உள்ள பல கருவிகள் ஒரே குடும்பச் சாயல் கொண்டவை. ரீலூப்பில் திருப்புவிசையைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்பது சிறப்பு. ஸ்கிராட்ச்தான் தம் வழி என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்தவர்கள் இங்கே நேராக வரலாம். மற்றவர்கள் அந்தக் கூடுதல் தொகையை மிக்சருக்கு ஒதுக்குவது நல்லது.

டெக்னிக்ஸ் எம்கே7 புதிதாக வாங்க, மேற்சொன்ன எல்லாவற்றையும்விட விலை கூடியது. சிக்கனத்தைப் பேசும் இக்கட்டுரையில் அதை அளவுகோலாக மட்டுமே வைத்திருக்கிறேன். பழைய எம்கே2 கிடைத்தால் நிலைமை வேறு. அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

எதை வாங்கினாலும் இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று என்று வாங்கினால் ஸ்லைடரின் இறுக்கம், வேகம் பிடிக்கும் நேரம், டோன்ஆர்மின் எடை எல்லாம் மாறும். ஒரு கை கற்றதை மறு கை மறக்கவேண்டியிருக்கும். ஒன்று உயர்ந்ததும் ஒன்று தாழ்ந்ததுமாக வாங்குவதைவிட, நடுத்தரமான இரண்டே மேல்.

மிக்சர்: எந்த இசையை ஓட்டப் போகிறீர்கள்?

இசைத்தட்டிலிருந்து ஊசி எடுக்கும் மின்குறி சில மில்லிவோல்ட் மட்டுமே. அது கைபேசி போன்றவை தரும் சாதாரண லைன் அளவைவிடப் பல மடங்கு மெலிந்தது. தவிரவும், தட்டில் பதியும்போது ஆழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் கூர்மையான ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். இரண்டையும் சரிசெய்வது ஃபோனோ நுழைவாயின் வேலை. எனவே மிக்சரில் முதலில் பார்க்கவேண்டியது, பின்புறத்தில் ஃபோனோ என்று எழுதிய இரண்டு நுழைவாய்களும், பக்கத்தில் எர்த் கம்பியைக் கட்டும் திருகும் இருக்கின்றனவா என்பதே. எல்பி120எக்ஸ் போன்ற கருவியின் முன்பெருக்கியை இயக்கிவிட்டு அதையே ஃபோனோ நுழைவாயில் சொருகினால் இருமுறை பெருக்கப்பட்டு ஒலி கிழியும். கருவியின் பின்பக்கச் சுவிட்சை ஃபோனோவுக்கு மாற்றினால் சரியாகிவிடும். எர்த் கம்பியைக் கட்ட மறந்தால் நம் ஊரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒலிபெருக்கியில் முனகும்.

அடுத்த கேள்வியே செலவைத் தீர்மானிக்கிறது: உங்களிடம் இருக்கும் இசை எந்த வடிவில் இருக்கிறது? தமிழ்த் திரையிசை எல்.பி. தட்டுகளாக வருவது 1990களில் கேசட்டும் சிடியும் பரவிய பிறகு ஏறக்குறைய நின்றுபோயிற்று. சென்னையில் மூர் மார்க்கெட் பக்கம் தேடினால் அதற்கு முந்தைய பாடல்களைத் தட்டாகவே வாங்கலாம்; அதற்குப் பிந்தைய பாடல்களை டர்ன்டேபிளில் கையாள விரும்புகிறவருக்கு டிவிஎஸ் என்ற முறைதான் வழி. இதில் பாட்டுக்குப் பதிலாகக் கட்டுப்பாட்டு ஒலி மட்டும் பதிந்த தட்டை ஓட்டுகிறோம். அந்த ஒலியின் வேகத்தையும் திசையையும் கணினி படித்து, தன்னிடமுள்ள பாட்டை அதே அசைவில் ஒலிக்கிறது. தட்டைப் பின்னுக்கு இழுத்தால் பாட்டும் பின்னுக்குப் போகும். இதற்கு, கணினிக்கும் மிக்சருக்கும் இடையே ஒலியைக் கடத்தும் ஒலி அட்டை மிக்சரிலேயே இருப்பது நல்லது. தனியாக வாங்கினால் செலவும் கம்பிகளும் கூடும்.

தட்டு மட்டுமே என்கிறவருக்கு ஆலன் அண்ட் ஹீத் எக்ஸோன்:23 மிக்சரை நான் முதலில் சொல்வேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த நிறுவனத்தின் இந்த மிக்சரில் சேனல்கள் இரண்டே. ஆனால் ஒவ்வொரு சேனலிலும் ஒரு ஃபோனோவையும் ஒரு லைனையும் ஒரே நேரத்தில் திறந்துவைக்க முடியும் என்பதால் நான்கு மூலங்களைக் கலக்கலாம். ஆழ்ந்த, நடு, கூர்மையான ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மூன்று பட்டை இக்யூவும் முழுமையாக அணைக்கும் தன்மை கொண்டது. ஒரு பாட்டின் பேஸை முற்றாக அணைத்துவிட்டு மறு பாட்டின் பேஸைத் திறப்பதுதான் இணைப்பின் இதயம் என்பதால், இந்தக் குணத்துக்காகவே இதற்குப் பணம் கொடுக்கலாம். இதன் ஃபில்டரின் இனிமையை எழுத்தில் விளக்க முடியவில்லை, கேட்டால் புரியும். இதில் ஒலி அட்டை கிடையாது. அது வேண்டுமென்றால் எக்ஸோன்:23சி என்ற மாடலுக்குப் போகவேண்டும்.

டிவிஎஸ் வேண்டும் என்கிறவருக்கு பயனியர் டிஜேஎம்-250 எம்கே2 பொருத்தமானது. இரண்டு சேனல், உள்ளேயே ஒலி அட்டை, ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளோடு இணக்கம், ஒரு சேனலிலிருந்து மறு சேனலுக்கு ஒலியை மாற்றும் கிராஸ்ஃபேடர், அதுவும் காந்த அமைப்பில் இயங்கும் மேக்வெல் வகை. சாதாரண கிராஸ்ஃபேடரில் உலோக முனை கரிப்பாதையில் உரசிக்கொண்டே போகும். தூசு சேர்ந்தால் கரகரக்கும், தேய்ந்தால் ஒலி கசியும். உரசல் இல்லாத வகை நெடுநாள் உழைக்கும். செராட்டோ மென்பொருளில் ஸ்கிராட்ச் பழக விரும்புகிறவர் நியூமார்க் ஸ்கிராட்ச் மிக்சரைப் பார்க்கலாம். இன்னோஃபேடர் என்ற புகழ்பெற்ற கிராஸ்ஃபேடர் அதில் முதலிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. மென்பொருளைப் பிறகு மாற்றுவது தொல்லை என்பதால், எந்த மென்பொருள் என்பதை முடிவுசெய்த பிறகே இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வது முறை.

இவற்றுக்குக் கீழே, நியூமார்க் எம்2 போன்ற எளிய இரண்டு சேனல் மிக்சர்கள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பணம் உண்மையிலேயே இறுக்கமாக இருந்தால் டர்ன்டேபிளில் குறைக்காமல் இங்கே குறையுங்கள். மிக்சரை ஓராண்டில் மாற்றுவது எளிது, விற்பதும் எளிது. இரண்டு டர்ன்டேபிள்களை மாற்றுவது எளிதன்று. அப்படிக் குறைக்கும்போது கிராஸ்ஃபேடரைக் கழற்றி மாற்றமுடியுமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். எம்2வில் அது முடியும்; ஒலி வெட்டும் வேகத்தை மாற்றும் அமைப்பும் அதில் உண்டு. ஸ்கிராட்சுக்கு ஃபேடர் ஓரத்திலிருந்து சற்றே அசைந்ததும் ஒலி முழுதாகத் திறக்கவேண்டும். நீண்ட இணைப்புக்கு மெல்ல மெல்லத் திறக்கவேண்டும்.

ஊசி

கார்ட்ரிட்ஜில் சிக்கனம் பார்ப்பது இசைத்தட்டைத் தேய்ப்பதாகும். கேட்பதற்கான கார்ட்ரிட்ஜ்களில் ஊசி முனை பெரும்பாலும் நீள்வட்டமாகவும், அழுத்தம் இரண்டு கிராம் அளவிலும் இருக்கும். தட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது அந்த முனை பள்ளத்தைக் கீறும். சற்று வேகமாக அசைத்தால் துள்ளி வெளியேறும். டிஜே ஊசி உருண்டை முனை கொண்டது, மூன்று நான்கு கிராம் அழுத்தம் தாங்குவது. பல தலைமுறைகள் நம்பியிருந்த ஷ்யூர் எம்44-7, அந்நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்தியதோடு போய்விட்டது. டென்மார்க்கின் ஆர்ட்டோஃபோன் அதே ஆண்டில் தன் கான்கார்ட் வரிசையைப் புதுப்பித்தது. அதில் மிக்ஸ் என்ற வகை தொடக்கநிலையாளருக்குப் போதும். அதற்கு உரிய அழுத்தம் மூன்று கிராம். எல்பி120எக்ஸ் ஏற்கெனவே வைத்திருக்கிறவர், விஎம்95இயின் உடலை வைத்துக்கொண்டே கூம்பு முனையுள்ள விஎம்95சி ஊசியை மட்டும் மாற்றிச் சொருகலாம். மென்மையான இணைப்புப் பயிற்சிக்கு அது தாங்கும்.

நான் ஒருவருடைய வரவுசெலவை வகுத்துத் தருவதானால், மொத்தத் தொகையைப் பத்துப் பங்காக்கி, ஆறு பங்கை இரண்டு டர்ன்டேபிள்களுக்கும், இரண்டரைப் பங்கை மிக்சருக்கும், எஞ்சிய ஒன்றரையைக் கார்ட்ரிட்ஜ், ஸ்லிப்மேட், ஹெட்ஃபோனுக்கும் வைப்பேன். ஹெட்ஃபோன் காதை முழுதும் மூடுவதாக, ஒரு பக்கம் திருப்பி வைக்கக்கூடியதாக இருந்தால் போதும்.

பழைய டெக்னிக்ஸ் கிடைத்தால்

பழைய எஸ்எல்-1200 வரிசையின் தயாரிப்பு 2010இல் நின்றது. ஆகவே சந்தையில் கிடைக்கும் எம்கே2 எதுவானாலும் வயது கூடியதே. அப்படியிருந்தும், நன்றாகப் பேணப்பட்ட இரண்டு எம்கே2 மேற்சொன்ன நடுத்தரப் புதிய கருவிகளின் விலைக்கு அருகில் கிடைத்தால் நான் அவற்றையே எடுப்பேன். அவற்றின் உதிரிகள் கிடைக்கின்றன, பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், மறுவிற்பனையில் விலை இறங்குவதில்லை.

வாங்குமுன் கையால் சோதிக்க வேண்டியவை உண்டு. முதலில் பின்பக்கத் தகட்டில் மின்னழுத்தத்தைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட்டுக்கானவை. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் சொருகினால் கருவி எரிந்துபோகும். அடுத்து, ஓடவிட்டுச் சுழல்தட்டின் விளிம்புப் புள்ளிகளை விளக்கொளியில் பாருங்கள். ஸ்லைடர் நடுவில் இருக்கும்போது பெரிய புள்ளிகளின் வரிசை அசையாமல் நிற்கவேண்டும், தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் முக்கால் விநாடிக்குள் அந்த நிலைக்கு வந்துவிட வேண்டும். ஸ்லைடரை நடுவைச் சுற்றி மிக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். வேகம் திடீரென்று தாவினால் உள்ளே தேய்ந்திருக்கிறது. டோன்ஆர்மை இரு விரலால் மென்மையாகப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. தெரிந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது, ஏனென்றால் பழுதுகளில் செலவு மிகுந்தது அது. ஒலிக்கம்பியில் கரகரப்பு இருந்தால் கவலை வேண்டாம். கம்பியை மாற்றிப் பற்றவைப்பது சிறிய வேலை, சென்னை ரிச்சி தெருவில் நல்ல ஆர்சிஏ கம்பி கிடைக்கும்.

இரண்டு டர்ன்டேபிள்களுக்கும் மிக்சருக்கும் ஒரே சமயத்தில் பணம் சேராதவர்கள் பலர். அவர்கள் மலிவான இரண்டை அவசரப்பட்டு வாங்காமல், நல்ல ஒன்றையும் மிக்சரையும் முதலில் வாங்கலாம். மிக்சரின் இரண்டாம் சேனலில் லைன் நுழைவாய் இருக்கிறது. அதில் கைபேசியை இணைத்து, வேகம் மாறாத ஒரு தாளத்தை ஓடவிட்டு, டர்ன்டேபிளில் உள்ள பாட்டை ஸ்லைடரால் அதோடு பொருத்திப் பழகுங்கள். நான் இரண்டாவது கருவிக்குக் காத்திருந்த நான்கு மாதங்களில் இந்த ஒரு பயிற்சியை மட்டுமே செய்தேன். அது வந்து சேர்ந்த அன்று மாலையே இரண்டு தட்டுகளை முழுப் பாட்டளவுக்கு விலகாமல் ஓட்ட முடிந்தது.